நுணாவயல் கல்வட்டம்

நவம்பர் 10

வேலை கிடைத்தது. வேலை என்பது நடப்பது. நடந்துகொண்டே பேசுவது.

நிறுவனத்தின் பெயர் தொல்தடம். ஞாயிறுதோறும் திருச்சியில் வேனில் ஆட்களை ஏற்றி, புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இறக்கி, காலை ஆறிலிருந்து பத்துவரை நடத்திக்கொண்டு போகிறார்கள். கண்மாய், பறவை, பாறை, பழைய கல். பத்து மணிக்கு வாழையிலையில் இட்லி. உரிமையாளர் ரெங்கராஜ் முன்பு குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரம் விற்றவர். தண்ணீரில் என்னென்ன கலந்திருக்கிறது என்று பயமுறுத்திய அதே குரலில், நாம் வேர்களை இழந்துவிட்டோம் என்று இப்போது பயமுறுத்துகிறார்.

நேர்காணலில் ஒரே கேள்வி.

"பேசுவீங்களா பிரதர்?"

வரலாற்றில் முதுகலை, பாதியில் நிற்கும் ஆய்வேடு, தலைப்பு 'நிலக்காட்சியும் நினைவும்' என்றேன்.

"அது சரி. பேசுவீங்களா?"

பேசுவேன் என்றேன். இருபத்தாறு வயதில் நான் முழுதாக முடித்த முதல் வாக்கியம் அதுவாக இருக்கலாம்.

நவம்பர் 14

நுணாவயலைப் பார்த்துவிட்டு வந்தேன். அறுபது வீடு. ஒரு கண்மாய். கண்மாய்க்கு அப்பால் முள்காடு, அதற்குள் உண்மையான கல்வட்டங்கள். இரும்புக்கால மனிதர்கள் இறந்தவர்களைப் புதைத்து, மேலே செம்புராங்கற்களை வட்டமாக அடுக்கிய இடம். ஆறு வட்டங்கள் எண்ணினேன். அங்கே நின்றபோது ஏதாவது தோன்றும் என்று எதிர்பார்த்தேன். தாகம்தான் எடுத்தது.

நவம்பர் 17, ஞாயிறு

முதல் நடை. பதினான்கு பேர்.

எட்டு மணிவரை நன்றாகப் போனது. கண்மாய்க்கரையில் பனங்காடை ஒன்று பறந்து காட்டியது. ஆவாரம்பூ பற்றிச் சொன்னேன். கலிங்கில் தண்ணீர் வழியும் ஓசையை எல்லோரும் பதிவு செய்துகொண்டார்கள். அதன் பிறகு தடம் தண்ணீருக்குள் போய்விட்டது. மூன்று நாள் மழையில் கண்மாய் பெருகி, முள்காட்டுக்குப் போகும் வழியில் இடுப்பளவு வெள்ளம்.

இட்லிக்கு இன்னும் இரண்டு மணி நேரம்.

தொப்பி அணிந்த பல் மருத்துவர் ஒருவர், "அப்ப இன்னைக்கு ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டார். கோபமில்லை. ஏமாற்றம். அதுதான் தாங்க முடியவில்லை.

கரையின் கீழ் மேடான புறம்போக்கில், புல்லுக்கு நடுவே, செம்புராங்கற்கள் வட்டமாக இருந்தன. பத்தடி விட்டம். நடுவில் துளையிட்ட ஒரு கல். பதினாலாம் தேதி அதைப் பார்த்த நினைவு இல்லை. இருந்திருக்கத்தான் வேண்டும்.

"இது கல்வட்டம்" என்று சொன்னேன் என எழுதுவது சரியாகாது. வாக்கியம் வந்தது. நான் அங்கே இருந்தேன்.

துளையைப் பற்றியும் ஒன்று வந்தது: இறந்தவரின் ஆவி வெளியே வந்துபோக.

எல்லோரும் அமைதியானார்கள். ஒருவர் ஷூவைக் கழற்றினார். பல் மருத்துவர் குனிந்து, ஆடும் பல்லைச் சோதிப்பதுபோல ஒரு கல்லை இரண்டு விரலால் அசைத்துப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

ஆய்வேட்டின் மூன்றாம் இயலுக்கு இது பயன்படும்: அமைதி எவ்வாறு உற்பத்தியாகிறது.

நவம்பர் 18

ரெங்கராஜ் தொலைபேசினார். காணொளி நிறையப் பேரிடம் போயிருக்கிறதாம். இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டு என்று நான் சொன்னதை மூவாயிரம் என்று போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டார். ஆதாரம் வேண்டும் என்றேன். யோசித்து, "சுமார்னு போட்டுக்குவோம் பிரதர்" என்றார்.

நவம்பர் 24, ஞாயிறு

முப்பத்தொரு பேர். தடத்தில் தண்ணீர் வற்றத் தொடங்கிவிட்டது. ஆனாலும் யாரும் முள்காடு கேட்கவில்லை. "அந்த வட்டம்" என்றுதான் கேட்டார்கள்.

பேசிக்கொண்டிருந்தபோது கரைமேல் இரண்டு பசுக்களோடு உள்ளூர்ப் பெண்மணி ஒருவர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். நைட்டி, மேலே துண்டு. கூட்டம் இட்லிக்குக் கலைந்ததும் இறங்கி வந்தார்.

"தம்பி, எம் படப்படியில என்னத்தக் கும்புடுறாக?"

படப்பு என்றால் வைக்கோல் போர். படப்படி, அது நிற்கும் அடிமனை. எனக்கு அந்தச் சொல் தெரியாது என்று எழுத ஆசையாக இருக்கிறது. தெரியும்.

தொன்மையான இடங்களைப் பிற்காலத்தவர் அன்றாடத் தேவைக்கு எடுத்துக்கொள்வது உலகெங்கும் நடப்பதுதான். மறுபயன்பாடு என்று பெயர். இதை அவருக்கு விளக்கினேன். கவனமாகக் கேட்டார். பிறகு ஒரு பசு நடுக்கல்லின் அருகில் சாணி போட்டது. அதை அவர் இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு போனார்.

டிசம்பர் 3

தனியாகப் பேருந்தில் போனேன். வாய்மொழித் தரவு திரட்ட.

தகவலாளியின் பெயர் வள்ளிக்கண்ணு. கணவர் சின்னையா சிங்கப்பூரில் கட்டட வேலை. ஒன்றரைக் காணி வயல், இரண்டு பசு. பால் சொசைட்டிக்குப் போகிறது. தகவல்கள்:

வயலெல்லாம் ஓதம். அங்கே வைக்கோல் வைத்தால் அடி அழுகும். வீட்டுச் சந்தில் வைத்தால், தீப்பிடித்தால் தெருவே போய்விடும். ஆகவே இந்த மேடு. கறையான் ஏறாமலும் ஈரம் ஏறாமலும் இருக்க அடியில் கல் வட்டமாகப் போட்டு, மேலே கருவேலங்கொப்பைப் பரப்பி, அதன்மேல் வைக்கோலை அடுக்குவார்கள். தை அறுப்பில் ஏறும் படப்பு ஐப்பசிக்குள் மாடுகளின் வயிற்றுக்குள் போய்விடும். கொப்பை அடுப்பில் எரித்துவிடுவார். கல் மட்டும் அடுத்த தைக்குக் காத்திருக்கும். நான் வந்தது கார்த்திகையில்.

கற்கள் இடிந்துபோன பழைய பள்ளிக்கூட வராந்தாச் சுவர். மூத்த மகள் பிறந்த வருஷம் சின்னையா மாட்டுவண்டியில் ஏற்றி வந்தது. நடுவில் துளைபோட்ட கல், படப்பு இல்லாத மாதங்களில் கன்றுக்குட்டியைக் கட்டுவதற்கு.

மகள் கோயம்புத்தூரில் செவிலியர். வயது இருபத்து நான்கு.

கல்வட்டம் என்னைவிட இரண்டு வயது இளையது.

பின்னிணைப்பு: தெற்குப் பக்கக் கல் ஒன்றில் நீலப் பெயிண்டில் '3' என்று இருந்தது. மூன்றாம் வகுப்பு. அந்தக் கல்லைப் புரட்டி, முகம் மண்ணைப் பார்க்க வைத்தேன். பெயிண்ட் வெயிலில் கெட்டுவிடக் கூடாது என்பதற்காக.

டிசம்பர் 4

உண்மை என்பது ஒரு விளைவு என்று படித்திருக்கிறேன். யார் எழுதியது என்று தேடினேன். கிடைக்கவில்லை. நானே எழுதியதாக இருக்கலாம்.

டிசம்பர் 8, ஞாயிறு

இரண்டு வேன். நாற்பத்தாறு பேர். ரெங்கராஜ் வட்டத்தைச் சுற்றிக் குச்சி நட்டு மஞ்சள் நைலான் கயிறு கட்டியிருந்தார். ஒரு பலகை: "சுமார் 3000 ஆண்டுப் பழமை. தொடாதீர்கள். உணருங்கள்."

என்னை "நம்ம ஆய்வு இயக்குநர் அறவாழி" என்று அறிமுகப்படுத்தினார். போன வாரம் வழிகாட்டி.

இன்று வட்டத்தின் திசை பற்றிப் பேசினேன். உத்தராயணச் சூரியன். வட்டத்துக்குத் திசை ஏது என்று யாரும் கேட்கவில்லை.

டிசம்பர் 15, ஞாயிறு

என் நெறியாளர் பேராசிரியர் தணிகாசலம் வந்திருந்தார். இரண்டு வருஷமாக நான் அவருக்கு ஒரு பக்கம்கூடக் காட்டவில்லை. முப்பது வருஷம் அகழாய்வுக் குழி தோண்டியவர். கண்டுபிடிப்பார். கண்டுபிடிக்கட்டும் என்றும் இருந்தது.

கயிற்றைத் தாண்டிப் போனார். ஒரு கல்லின் விளிம்பில் கட்டைவிரலால் சுரண்டினார். வெள்ளையாக ஏதோ உதிர்ந்தது. சுண்ணாம்புப் பூச்சு. முகர்ந்தார். என்னைப் பார்த்தார். சுற்றி நின்ற நாற்பது பேரைப் பார்த்தார். இரண்டு பேர் அவருக்கு நாற்காலி எடுத்து வந்துகொண்டிருந்தார்கள்.

"நல்ல இடம்" என்றார். உட்கார்ந்தார்.

இட்லி சாப்பிடும்போது, இதை ஒரு இயலாக எழுதிக் கொண்டு வா, மார்ச்சுக்குள் ஆய்வேட்டை முடித்துவிடலாம் என்று மெதுவாகச் சொன்னார். அடுத்த முறை சட்னியில் காரத்தைக் குறைக்கவும் சொன்னார்.

டிசம்பர் 22, ஞாயிறு

ஊராட்சித் தலைவர் சேவுகப்பெருமாள் மாலை போட்டார். எனக்குத்தான். பிப்ரவரி இரண்டாம் தேதி மாவட்டத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி வட்டத்தைப் பார்க்க வருகிறார். அவர் பார்த்துப் பரிந்துரைத்தால் பெரிய சாலையிலிருந்து ஊருக்குத் தார் ரோடு. எட்டு வருஷமாக மனு கொடுத்துக் கிடைக்காத ரோடு.

இந்த இடத்தில் ஒரு சிக்கல் இருக்கலாம் என்று நான் ஆரம்பித்தேன். ஆரம்பித்தேன் என்பது முக்கியம். குறித்துக்கொள்கிறேன். அவர் என் தோளில் கை போட்டுத் தள்ளிக்கொண்டு போனார்.

"அது வள்ளிக்கண்ணு படப்படி தம்பி. ஊருக்கே தெரியும். அந்தக் கல்லு இருந்த செவத்துலதான் நான் மூணாப்பு படிச்சேன். நீங்க எதையும் போட்டு ஒடைக்காதீக. ரோடு வரட்டும்."

ஆக, ஊரில் அறுபது வீட்டுக்கும் தெரியும். பேராசிரியருக்குத் தெரியும். எனக்குத் தெரியும். தெரியாதவர்கள், தெரிந்துகொள்வதற்காக முன்பதிவு செய்துகொண்டு வருபவர்கள் மட்டுமே.

ஜனவரி 5, ஞாயிறு

வள்ளிக்கண்ணு கேட்டார். தை பிறந்து பத்து நாளில் அறுப்பு. அவர் வயலுக்கு மெஷின் இறங்காது, வாய்க்கால் குறுக்கே. கையறுப்பு. அடித்த வைக்கோல் களத்தில் கிடக்கும். நாலைந்து நாள் காய்ந்ததும் படப்பு ஏற்ற வேண்டும். ஒரு மழை விழுந்தால் கருத்துப்போகும், மாடு வாய் வைக்காது. வைக்கோல் போனால் விலைக்கு வாங்கிப் போட்டுக் கட்டாது, இரண்டில் ஒன்றை விற்க வேண்டும். சிவப்பியைத்தான் விற்க வேண்டியிருக்கும், அது சினை, அதற்குத்தான் விலை கிடைக்கும்.

ஊரில் யாரும் அவருக்காகப் பேச மாட்டார்கள். எல்லோருக்கும் ரோடு வேண்டும். அவருக்கும்தான் வேண்டும். பால் கேனைத் தலையில் வைத்து ஒன்றரை மைல் நடக்கிறவர் அவர்.

"நீங்க சொன்னதுதான தம்பி. நீங்களே இல்லைன்னு சொல்லிருங்க."

நியாயம் என்றேன். இரண்டாம் தேதிக்குப் பிறகு ரெங்கராஜிடம் பேசுகிறேன் என்றேன். நல்ல தார்ப்பாய் ஒன்று வாங்கித் தருகிறேன் என்றும் சொன்னேன்.

தார்ப்பாய் போட்டு மூடினால் உள்ளே புழுங்கி அவிந்துவிடும் என்பது எனக்குத் தெரியவில்லை. சிரித்துக்கொண்டே சொன்னார். பசு மட்டும் சிரிக்கவில்லை.

ஜனவரி 12, ஞாயிறு

நடப்பவர்களுக்கு வள்ளிக்கண்ணு கம்பங்கூழ் ஊற்ற வேண்டும் என்று ரெங்கராஜ் ஏற்பாடு. நைட்டி அவருக்கு உறுத்தியது. கண்டாங்கிச் சேலை ஒன்று வாங்கி வந்திருந்தார். வள்ளிக்கண்ணு அதை விரித்துப் பார்த்து, இவ்வளவு கனமாக இருக்கிறதே, யாருக்குக் கல்யாணம் என்று கேட்டார். நைட்டியிலேயே ஊற்றினார். புகைப்படங்களில் கூழும் கையும் மட்டும் வருமாறு பார்த்துக்கொண்டார்கள்.

பல் மருத்துவர் மூன்று டம்ளர் குடித்தார். இது எத்தனை ஆண்டுப் பழமையான உணவு என்று கேட்டார். வள்ளிக்கண்ணு, "நேத்துக் காச்சுனது" என்றார்.

ஜனவரி 14

பொங்கல். ஊருக்குப் போகவில்லை. மூன்றாம் இயல்: நான்கு பக்கம். நன்றாக வந்திருக்கிறது. அதுதான் பயமாக இருக்கிறது.

ஜனவரி 25

அறுப்பு முடிந்துவிட்டது. களத்தில் வைக்கோல் பொன்னாகக் கிடந்தது என்று எழுதினேன். அடித்துவிட்டேன். வைக்கோல் களத்தில் கிடந்தது.

மேட்டின் பக்கமே போகக் கூடாது என்று சேவுகப்பெருமாள் வள்ளிக்கண்ணுவிடம் சொல்லிவிட்டார். ஒரு வாரம்தானே. படப்பு ஏற்ற ஆளாக வருவதாக இருந்த இரண்டு பேரிடமும் சொல்லிவிட்டார். கெட்டவர் இல்லை. அவர் அம்மாவுக்கு மாரடைப்பு வந்தபோது ஆம்புலன்ஸ் பெரிய சாலையிலேயே நின்றுவிட்டதாம். அதைச் சொல்லும்போது அவர் குரல் மேடைக்குரல் இல்லை.

யார் பக்கம் நிற்பது என்று தெரியாத நிலையைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினேன். எழுதி முடிக்கும்போதும் அதே இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

ஜனவரி 30

வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு. சனிக்கிழமை மழை என்கிறது வானொலி.

ரெங்கராஜ்: "மழை நல்லது பிரதர். கல்லு கழுவினாப்ல இருக்கும்."

பிப்ரவரி 1, சனி

நாளைய வருகைக்கு ஒத்திகை பார்க்க மதியம் போனேன். எழுதிய உரை கையில். எட்டுப் பக்கம்.

கிழக்கே வானம் கருத்துக்கிடந்தது. மேட்டில் மஞ்சள் கயிறு கீழே கிடந்தது. வட்டத்துக்குள் கருவேலங்கொப்பு பரப்பியாகிவிட்டது. அதன்மேல் இடுப்பளவு வைக்கோல். மேலே வள்ளிக்கண்ணு. கீழே யாரும் இல்லை. களத்திலிருந்து ஒரு கட்டைத் தூக்கி வந்து மேலே எறிந்துவிட்டு, தானே ஏறி, அதைப் பிரித்து மிதித்துப் பரப்பிவிட்டு, மறுபடி இறங்கி அடுத்த கட்டுக்குப் போகிறார். இப்படிப் போனால் இரவாகிவிடும். மழை சாயங்காலத்துக்குள் வந்துவிடும்.

என்னைப் பார்த்தார். கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். விளக்கம் தயாராக இருந்தது.

"எறிங்க தம்பி" என்றார்.

படப்பு ஏற்ற இரண்டு பேர் வேண்டும். கீழே ஒருவர் எறிய, மேலே ஒருவர் வாங்கி மிதிக்க. இது அறிவு சார்ந்த நிலைப்பாடு அல்ல. கை எட்டாத தூரம் பற்றிய விஷயம்.

உரையைக் கரைமேல் கல்லுக்கு அடியில் வைத்துவிட்டுக் களத்திலிருந்து கட்டுகளைத் தூக்கி வந்தேன். முதல் கட்டு என் தலைமேலேயே விழுந்தது. இரண்டாவது பாதி வழியில் பிரிந்து போனது. அக்கா மேலிருந்து பார்த்துவிட்டு, "பள்ளிக்கூடத்துல இதெல்லாம் சொல்லித்தர மாட்டாகளா?" என்றார். பதினைந்தாவது கட்டுக்குப் பிறகு கைக்குப் புரிந்தது. எழுபதுவரை எண்ணினேன். பிறகு எண்ணவில்லை. கடைசியில் உச்சியைக் கூம்பாக இழுத்து, தண்ணீர் வழிந்தோடும்படி மேல்வைக்கோலைச் சீவிவிட்டு, வைக்கோலைக் கயிறாக முறுக்கிய பிரியால் குறுக்கே கட்டி, நுனிகளில் கல்லைத் தொங்கவிட்டார்.

அவர் இறங்கவும் முதல் துளி விழவும் சரியாக இருந்தது என்று எழுதினால் கதைபோல இருக்கும். பத்து நிமிடம் கழித்துத்தான் மழை வந்தது. அந்தப் பத்து நிமிடமும் இருவரும் படப்பைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

உரை நனைந்து கூழாகிவிட்டது.

கழுத்தெல்லாம் அரிப்பு. குளித்தும் போகவில்லை.

பிப்ரவரி 2, ஞாயிறு

அதிகாரியின் கார், ஐந்து வேன்கள், நூறு பேர். மழை விட்டு வெயில். மேட்டில், கல்வட்டம் இருந்த இடத்தில், பன்னிரண்டடி உயரத்துக்குப் புது வைக்கோல் போர். ஆவி பறந்துகொண்டிருந்தது.

ரெங்கராஜின் முகம் வடிகட்டாத தண்ணீரைப்போல ஆயிற்று. சேவுகப்பெருமாள் தன் துண்டைப் பிழிந்துகொண்டிருந்தார். துண்டு நனையவில்லை. பேராசிரியர் தனக்குப் போட்ட நாற்காலியிலிருந்து எழுந்து தூரமாகப் போய் ஒரு பறவையைப் பார்த்தார்.

ஒலிபெருக்கி என் கையில் இருந்தது. சொன்னேன். தடுமாறாமல். இது கல்வட்டம் இல்லை. வைக்கோல் போரின் அடிக்கல். பழைய பள்ளிக்கூடச் சுவர். வயது இருபத்து நான்கு. முதல் நாள் தெரியாமல் சொன்னேன், பிறகு தெரிந்தே சொன்னேன். வட்டம் வள்ளிக்கண்ணு அக்காவுடையது. மன்னியுங்கள்.

தெற்குப் பக்கம் வைக்கோலுக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்த, நான் புரட்டி வைத்த கல்லை நிமிர்த்தி நீல மூன்றையும் காட்டினேன்.

நீண்ட அமைதி. நவம்பரில் வந்ததே, அதைவிட நல்ல அமைதி.

பிறகு பல் மருத்துவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கைதட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள்.

அதிகாரி படித்தவர். ஒலிபெருக்கியை வாங்கிக்கொண்டார். தம்பியின் அடக்கம் தன்னை நெகிழ வைக்கிறது என்றார். உலகத்தில் எல்லா நாட்டிலும் கல்வட்டங்கள் செத்துக் கிடக்கின்றன, இங்கே மட்டும்தான் உயிரோடு இருக்கிறது. கல் மாறலாம், சுவர் மாறலாம், வட்டமாக அடுக்கும் அந்தக் கை மாறவில்லை, மூவாயிரம் ஆண்டாக மாறவில்லை என்றார். ரெங்கராஜ் "வாழும் கல்வட்டம்" என்று முணுமுணுத்தபடி தொலைபேசியில் தட்டிக்கொண்டிருந்தார்.

ரோடு உறுதி.

கூடவே ஒரு உத்தரவு. ஆவணப்படுத்தும் குழு வந்து படம் வரையும்வரை இந்தப் போரிலிருந்து ஒரு துரும்பையும் யாரும் எடுக்கக் கூடாது. குழு எப்போது வரும் என்று கேட்டேன். வரும் என்றார்கள்.

மஞ்சள் கயிறு மறுபடி ஏறியது. இந்த முறை படப்பைச் சுற்றி.

பிப்ரவரி 5

அக்கா வீட்டுக்குப் போனேன். சிவப்பியும் மற்றதும் கட்டுத்தறியில் நின்று வெறும் தொட்டியை நக்கிக்கொண்டிருந்தன. வயலில் அறுத்த தாளில் மேய விட்டது போதவில்லை. பக்கத்து வீட்டில் கைமாற்றாக வாங்கிய வைக்கோல் நேற்றோடு தீர்ந்தது. பால் பாதியாகிவிட்டது. படப்பில் கை வைத்தால் ரோடு உத்தரவு நின்றுவிடும் என்று தெருவில் ஆளாளுக்குச் சொல்லிவிட்டுப் போகிறார்களாம்.

மறுபடி பேசுகிறேன் என்றேன். இந்த முறை எழுத்தில். மேலிடத்துக்கு.

அக்கா வறட்டியைச் சுவரில் தட்டிக்கொண்டே திரும்பாமல் சொன்னார்:

"பொய் சொன்னப்பயும் நம்புனாக. நெசத்தச் சொன்னப்பயும் அந்தப் பொய்யத்தான் நம்புறாக. இனி ஒங்க வாய்க்கு என்ன தம்பி வேலை?"

பிப்ரவரி 6

கடிதம் எழுத உட்கார்ந்தேன். எழுதவில்லை.

பிப்ரவரி 7

பேராசிரியரிடமிருந்து செய்தி. மூன்றாம் இயலின் தலைப்பை 'வாழும் கல்வட்டம்' என்று மாற்றிவிடச் சொல்கிறார். மாற்றவில்லை. நான்கு பக்கத்தையும் எடுத்துப் பார்த்தேன். ஒரு பக்கம்கூட வைக்கோலைப் பற்றி இல்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

மூன்று வேன். நடந்தோம். கண்மாய் வற்றிக்கொண்டு வருகிறது. நத்தைகுத்தி நாரைகள் சேற்றில் நின்றன. பெயரைக்கூட நான் சொல்லவில்லை. ரெங்கராஜ் இரண்டு முறை முழங்கையால் இடித்தார்.

மேட்டுக்கு வந்தோம். கூட்டம் கயிற்றைச் சுற்றி வளையமாக நின்றது. ஊர்க்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் கரைமேல் நின்றார்கள். ரோடு எங்கே வரும் என்று சேவுகப்பெருமாள் கையை நீட்டி யாருக்கோ காட்டிக்கொண்டிருந்தார். அக்கா இரண்டு பசுவையும் பிடித்துக்கொண்டு கரைச்சரிவில் நின்றார். சிவப்பிக்கு விலா எலும்பு தெரிந்தது. அது படப்பைப் பார்த்துக் கத்தியது. ஒரு பெண் அந்தக் குரலைப் பதிவு செய்தாள்.

ரெங்கராஜ் ஒலிபெருக்கியை நீட்டினார்.

வாங்கவில்லை. கயிற்றுக்கு அடியில் குனிந்து உள்ளே போனேன். படப்பை மேலிருந்து பிரிக்கக் கூடாது, பக்கவாட்டில் இடுப்பு மட்டத்தில் பிடுங்க வேண்டும் என்று படப்பு ஏற்றிய அன்றைக்கே அக்கா சொல்லியிருந்தார். பிடித்து இழுத்தேன். வரவில்லை. அக்கா இறுக்கமாக மிதித்திருந்தார். காலைக் கல்லில் ஊன்றி மறுபடி இழுத்தேன். ஒரு கை வந்தது. பிறகு ஒரு அணைப்பு. உள்ளே வைக்கோல் வெதுவெதுப்பாக, காய்ந்த வாசனையோடு இருந்தது. ஒரு துளி மழைகூட இறங்கவில்லை.

ரெங்கராஜ் "பிரதர்" என்றார். இன்னொரு முறை, "பிரதர்". மூன்றாம் முறை அறவாழி என்றார்.

சேவுகப்பெருமாள் கரையிலிருந்து வேகமாக இறங்கி வந்தார். கயிற்றருகில் நின்றார். என்னைப் பார்த்தார், பசுவைப் பார்த்தார். எதுவோ சொல்ல வாயைத் திறந்து, சுற்றிலும் கேமராக்கள் இருப்பதைக் கண்டு மூடிக்கொண்டார்.

அக்கா பசுக்களை ஓட்டிக்கொண்டு கூட்டத்துக்கு நடுவே வந்தார். வழி விட்டார்கள். சிவப்பி கயிற்றை மார்பால் தள்ளியது. நட்ட குச்சி பிடுங்கிக்கொண்டு வந்தது. நான் வைக்கோலைக் கீழே போட்டேன். இரண்டும் தலையைத் தாழ்த்தின.

மெல்லும் சத்தம் மட்டும் கேட்டது.

பல் மருத்துவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, மிகவும் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"இது என்ன சடங்குங்க?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் அடுத்த கட்டுக்குத் திரும்பியிருந்தேன்.

அக்காதான் பதில் சொன்னார்.

"மாட்டுக்குப் பசி."

பிப்ரவரி 10

வேலை போய்விட்டது. ரெங்கராஜ் குறுஞ்செய்தியில் சொன்னார். கடைசியில் ஒரு வேண்டுகோள்: பல் மருத்துவர் அடுத்த ஞாயிறு தன் குடும்பத்தோடு வந்து மாட்டுக்கு வைக்கோல் போட விரும்புகிறாராம். எந்தப் பக்கத்தில் பிடுங்க வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட முடியுமா.

அக்காவிடம் கேளுங்கள் என்று பதில் போட்டேன்.